பலகையில் யார் பெயர்? நீலகிரி விடுதி முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மலைமேல் விடுதி நடத்தும் மதிப்புக்குரிய முதலாளிமார்களுக்கு,

கோடை சீசனுக்குள் ஸ்டேஷன் ரோட்டிலும் உங்கள் விடுதி வாசல்களிலும் வரலாற்றுப் பலகைகள் வைப்பதாக முடிவு செய்திருக்கிறீர்கள். அவற்றின் வாசகம் அச்சுக்குப் போகுமுன் என் கைக்கும் வந்தது. தனியார் முதலீட்டின் துணிச்சலால் மலைக்கு ரயில் வந்தது, விடுதி முன்னோடிகளால் நீலகிரி வளர்ந்தது என்று தொடங்குகிறது. கீழே வரிசையாகப் பெயர்கள். முதலில் துரைமார்கள், அப்புறம் அவர்களிடமிருந்து கட்டடங்களை வாங்கிய குடும்பங்கள். வேறு ஒருவர் பெயரும் இல்லை. இந்த வாசகத்தை நான் ஏற்கவில்லை. இதே வாசகத்தைக் காட்டி, தினசரி மலை ரயிலில் ஒரு பங்கு இருக்கைகளை விடுதி விருந்தினர்களுக்கு முன்கூட்டியே ஒதுக்க வேண்டும் என்று நீங்கள் மனுவும் கொடுத்திருப்பதால், வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

என் அப்பா கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, வண்டி சறுக்காமல் ஏறுவதற்காகப் பல் வைத்த பல் தண்டவாளம் போகும் பகுதியில் கேங்மேன், அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளி. அம்மா ஒரு விடுதிக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவர். நான் உங்களில் ஒருவரின் விடுதியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அதனால் ரயிலையும் விடுதியையும் நான் பின்பக்கத்திலிருந்து பார்த்தவன். எந்த விடுதி, எந்த முதலாளி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போவது ஒருவரோடு நிற்கிற விஷயம் இல்லை.

முதலில் ரயில் கதை. உங்கள் பலகை 1899-இல் ஆரம்பிக்கிறது. அந்த ஆண்டு ஜூன் மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வண்டி ஓடியது என்பது சரி. ஆனால் மலைக்கு ரயில் போடும் யோசனை 1854-லேயே வந்துவிட்டது. நாற்பத்தைந்து வருஷம் ஏன் இழுத்தது? செங்குத்தான மலை ஒரு காரணம். பணம் இன்னொரு காரணம். ஸ்விட்சர்லாந்தில் ரிகி மலைக்குப் பல் தண்டவாள ரயில் போட்ட ரிக்கன்பாக் என்ற பொறியாளரே 1880-களில் இங்கே வந்து பார்த்தார். 1885-இல் 25 லட்சம் ரூபாய் மூலதனத்தில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1891-இல் அன்றைய சென்னை கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் துவக்கி வைத்தார். மூன்றே வருஷத்தில், 1894-இல், அந்தக் கம்பெனி திவாலானது. வேலை பாதியில் நின்றது. 1896-இல் இன்னொரு கம்பெனி வந்து அதை வாங்கி, எப்படியோ குன்னூர் வரைக்கும் முடித்தது. 1903-இல் அரசாங்கமே 35 லட்சம் கொடுத்து அந்தக் கம்பெனியிடமிருந்து பாதையை வாங்கிக்கொண்டது.

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகிற பாதை? அதை அரசாங்கம்தான் சுமார் 24 லட்சம் செலவில் போட்டது. 1908 அக்டோபரில் வண்டி ஊட்டியைத் தொட்டது. தனியார் கம்பெனி குன்னூரோடு சரி. ஊட்டி ஸ்டேஷனைப் பார்த்தாற்போல் நிற்கப்போகும் பலகையில் தனியார் முதலீடு என்று எழுதுவதற்கு எந்த அடிப்படையும் கிடையாது. அரசாங்கப் பணம் என்றால் யார் பணம்? தஞ்சாவூரிலும் கோயம்புத்தூரிலும் உழுதவன் கட்டிய நிலவரியும், உப்பு வாங்கியவன் கொடுத்த உப்பு வரியும் அதில் அடக்கம்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-இல். போத்தனூரிலிருந்து பிரிந்து வந்த அந்தப் பாதை மெட்ராஸ் ரயில்வே கம்பெனியுடையது. பேருக்கு அதுவும் தனியார்தான். ஆனால் அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளின் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். நிலம் இலவசம். போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வரைக்கும் வட்டி உத்தரவாதம். வண்டியில் வருமானம் வராவிட்டால் இந்திய வரிப்பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்து அந்த வட்டியை நிரப்புவார்கள். லண்டனில் பங்குப் பத்திரம் வைத்திருந்தவருக்கு மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் வட்டி தப்பாது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்த மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தபோதும் அந்த உத்தரவாதம் அப்படியேதான் இருந்தது. இதைத் துணிச்சல் என்கிறீர்கள். நான் கணக்கு எழுதிய ஆள், எனக்கு அப்படித் தெரியவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். 1894-இல் திவாலான கம்பெனியில் பணம் போட்டவர்கள் உண்மையிலேயே நஷ்டப்பட்டார்கள். அவர்கள் துணிந்தவர்கள்தான். ஆனால் உங்கள் பலகையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! தோற்றவர்களைச் சொன்னால் கதை கெட்டுப்போகும் என்று விட்டுவிட்டீர்களா?

இனி விடுதிக் கதை. ரயில் வந்து விடுதி வந்தது என்பது போல் எழுதியிருக்கிறீர்கள். ஊட்டியில் விடுதி வந்து எழுபது வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் அங்கே ரயில் வந்தது. இன்று ஊட்டி கிளப் இருக்கும் கட்டடத்தை 1830-களின் தொடக்கத்தில் விடுதியாகக் கட்டியவர் சர் வில்லியம் ரம்போல்ட். ஹைதராபாத்தில் நிஜாம் அரசுக்கு அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்துப் பெயர் கெட்ட பாமர் கம்பெனியின் பங்காளி அவர். 1834-இல் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் மலைக்கு வந்தபோது தங்கியது அந்தக் கட்டடத்தில்தான். ஆக ஊட்டியின் முதல் பெரிய விடுதிக்குப் பணம் வந்த வழி அது, அதில் வந்து தங்கிய பெரிய விருந்தாளி அரசாங்கம். முன்னோடி என்று அவர் பெயரை எழுதுகிறீர்கள். எழுதுங்கள், ஆனால் முழுசாக எழுதுங்கள்.

அந்த விருந்தாளி அப்புறமும் வந்துகொண்டே இருந்தார். 1870-களிலிருந்து சென்னை அரசாங்கமே கோடைக்கு மலையேறியது. கவர்னர், செயலாளர்கள், குமாஸ்தாக்கள், கோப்புக் கட்டுகள், அவர்களின் குடும்பங்கள், அவர்களின் சமையல்காரர்கள் என்று ஒரு ஊரே இடம் மாறும். மாகாணத்தை வருஷத்தில் பாதி மலையிலிருந்து ஆளுகிறார்களே, இந்தச் செலவு யார் தலையில் என்று சென்னைப் பத்திரிகைகள் கேட்டுக்கொண்டே இருந்தன. பக்கிங்ஹாம் கோமகன் கவர்னராக இருந்தபோது ஊட்டியில் கவர்னர் மாளிகை எழுந்தது. அதற்கு முன்னாலேயே வெலிங்டனில் பட்டாளக் குடியிருப்பு வந்துவிட்டது. அப்புறம் அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. 1868-இல் நீலகிரியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்துத் தனி நிர்வாகமாக்கினார்கள். அலுவலகம், நீதிமன்றம், பட்டாளம், கவர்னர் சபை எல்லாம் கூடிய இடத்தில் அறை வாடகைக்கு விடுவதற்குப் பெரிய தீர்க்கதரிசனம் எதுவும் தேவைப்படவில்லை. தாவரவியல் பூங்காவும் அரசாங்கப் பணத்தில் வளர்ந்தது. 1896-இலிருந்து நடக்கும் மலர்க் கண்காட்சியை வைத்துத்தான் இன்றுவரை உங்கள் மே மாத வாடகை ஏறுகிறது.

நிலத்தை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் தன் கல் வீட்டுக்காகத் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கிய கதையை உங்கள் பலகையே பெருமையாகச் சொல்கிறது! அந்த ஒரு ரூபாய்க்குப் பக்கத்தில் இன்றைய சென்ட் விலையையும் எழுதிப் போட்டால் படிக்கிறவர்களே புரிந்துகொள்வார்கள். சலிவனின் ஆட்கள் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் முதல் மலைப்பாதை போட்டபோது கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். அந்தப் பாதை 1823-இல் முடிந்தது. மலையின் முதல் முதலீடு யாருடையது என்று கேட்டால் நான் அந்தக் கைதிகளைச் சொல்வேன்.

பலகையில் இல்லாதவர்களைப் பற்றி இப்போது சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். 208 வளைவு, 250 பாலம், 16 குகை, அதாவது சுரங்கப்பாதை. கல்லாறு தாண்டினால் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம். இந்த எண்களை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள், உங்கள் பலகையும் ஒப்பிக்கிறது. பதினாறு குகையையும் பாறையில் குடைந்தது மனிதக் கை. மலைக் காய்ச்சல் பிடித்த அந்தக் காட்டில் பாறை வெடித்தவர், ஜல்லி சுமந்தவர், செத்தவர் ஒருவருக்கும் எங்கேயும் ஒரு கல் நடவில்லை.

அது பழங்கதை என்பீர்கள். சரி, இன்றைக்கு வாருங்கள். ஏற்றத்தில் எஞ்சின் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். முன்னால் ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் மழையிலும் பனியிலும் நின்றுகொண்டு கொடி காட்டுவார், பிரேக் போடுவார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் விருந்தினர் எடுக்கிற படங்களில் அவர் முதுகு விழுந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடர்லி ஸ்டேஷனுக்கும் ஹில்குரோவ் ஸ்டேஷனுக்கும் நடுவே மண் சரியும். இரவில் கேங்மேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே நடப்பார். யானை நிற்கும், நின்று பார்ப்பார். பாறை கிடந்தால் கடப்பாறையோடு போவார். என் அப்பாவின் முழங்கால் அந்த ஈரத்தில்தான் போனது. 2005-இல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தபோது, மேல்தளத்தில் உங்களுக்கு விருந்து நடந்தது. கீழே குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் ரயில்வே லைன் வீட்டுப் பிள்ளைகள்.

விடுதிக்குள்ளும் இதே கதைதான். நான் வேலை பார்த்த இடத்தில் வெள்ளைக்காரர் காலத்துக் கணக்குப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. வந்து தங்கியவர்களின் பதிவேட்டில் பெயர், பதவி, எந்த ரெஜிமெண்ட், எத்தனை பெட்டி சாமான் எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கும். சம்பளப் புத்தகத்தில் பட்லருக்கு மட்டும் பெயர் உண்டு. மற்றவர்களுக்கு எண்ணோ வேலையின் பெயரோதான்: சொக்ரா (எடுபிடிப் பையன்) ஒன்று, சொக்ரா இரண்டு, தண்ணீர்க்காரன், ஆயா, விறகுக்காரன். யாருக்குக் காய்ச்சல் வந்து எத்தனை நாள் சம்பளம் பிடித்தார்கள், உடைந்த பீங்கான் தட்டுக்கு எவ்வளவு கழித்தார்கள், சீசன் முடிந்ததும் எத்தனை பேரைக் கீழே அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஆண்டு முழுக்க வைத்துக்கொள்கிற வழக்கம் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

அந்த அலமாரி இன்று இல்லை. விடுதியைப் புதுப்பித்தபோது சம்பளப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். இடத்தை அடைக்கிறது என்று பதில் வந்தது. விருந்தினர் பதிவேடுகளை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். வரலாறு என்று வந்தபோது எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். உங்கள் பலகை வாசகமும் அதே முடிவில் பிறந்ததுதான் என்று நான் கருதுகிறேன். மற்ற விடுதிகளிலும் இப்படி நடந்திருப்பதாக உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அதே புதுப்பித்தலில் பின்கட்டில் இருந்த வேலையாட்கள் குடியிருப்பையும் இடித்து, கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். சீசனுக்கு வரும் பையன்கள் இப்போது ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கிறார்கள். ஜனவரியில் ஊட்டியில் தண்ணீர் உறையும் குளிர். விருந்தினர் அறையில் ஹீட்டர் ஓடுகிறது, ஸ்டோர் ரூமில் ஒரு ஜன்னல் சரியாக மூடாது. இதைப் பலகையில் எழுதச் சொல்லவில்லை. சரி செய்யச் சொல்கிறேன்.

அப்புறம் அந்த மனு. மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பி நண்பகல் வாக்கில் ஊட்டி சேரும் அந்த வண்டியில் இருக்கிற இருக்கைகளே கொஞ்சம். சீசனில் முன்பதிவு திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அதிலும் ஒரு பங்கை உங்கள் பேக்கேஜுக்கு எடுத்துக்கொண்டால், ஈரோட்டிலிருந்தும் மதுரையிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் என்ன செய்வார்? உங்கள் விடுதியில் தங்க அவருக்கு வசதி இருக்காது. லாட்ஜில் தங்குவார், இல்லாவிட்டால் சாயங்காலமே இறங்கிவிடுவார். வண்டியில் உட்கார அவருக்கு உரிமை கிடையாதா? 2020 டிசம்பரில் ஒரு தனியார் நிறுவனம் வண்டியை வாடகைக்கு எடுத்து ஆளுக்கு 3000 ரூபாய் வாங்கி ஓட்டியபோது தமிழ்நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதை நீங்களும் பார்த்தீர்கள். கோபம் கட்டணத்தில் மட்டும் இல்லை. பொதுப் பணத்தில் வாங்கி, பொதுப் பணத்தில் நீட்டி, பொதுப் பணத்தில் இன்றும் ஓடுகிற வண்டி அது. டிக்கெட் வருமானத்தை வைத்து மட்டும் அதை ஓட்டிவிட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். தாத்தா காலத்தில் துரைமார் பணம் போட்டார்கள், ஆகவே பேரன் காலத்தில் எங்களுக்கு முன்னுரிமை என்கிற வாதத்துக்குத்தான் அந்தப் பலகை வேண்டியிருக்கிறது.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. பழைய ஓட்டுக் கட்டடங்களை இடித்துக் கண்ணாடி மாளிகை கட்டாமல் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் உங்களில் சிலர். அதற்கு ஆகும் செலவு எனக்குத் தெரியும், அந்த பில்லுக்குப் பணம் கொடுத்தவனே நான்தான். ஒரு தேக்குக் கதவின் கீலை மாற்றுவதற்கு ஆள் தேடி அலைந்ததெல்லாம் உண்டு. அந்த உழைப்புக்கு உங்கள் பெயர் பலகையில் வரட்டும்.

என் கோரிக்கைகள் இவை. இப்போதைய வாசகத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள். 1894-இல் கம்பெனி திவாலானது, 1903-இல் அரசாங்கம் வாங்கியது, ஊட்டிப் பாதை பொதுப் பணத்தில் போடப்பட்டது ஆகிய மூன்றும் ஒவ்வொரு பலகையிலும் இருக்க வேண்டும். பாதை போட்ட தொழிலாளர்கள், கேங்மேன்கள், பிரேக்ஸ்மேன்கள், விடுதிகளின் சமையல்காரர்கள், சலவைக்காரர்கள், ஆயாக்கள் ஆகியோருக்கு அதே பலகையில், அதே அளவு எழுத்தில் இடம் கொடுங்கள். பெயர் தெரிந்தவர்களைப் பெயரோடு போடுங்கள். ஓய்வு பெற்ற ரயில்வே தொழிலாளர்களின் குடும்பங்கள் குன்னூரிலும் மேட்டுப்பாளையத்திலும் இருக்கின்றன. கேட்டால் சொல்வார்கள், நானும் கூட வருகிறேன். தோடர், கோத்தர், படகர் ஆகியோரின் நிலத்தைப் பற்றிய வரிகளை அந்தச் சமூகத்தவர் படித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகே வையுங்கள்.

உங்கள் விடுதிகளில் மிச்சமிருக்கும் சம்பளப் புத்தகம், கூலிச் சீட்டு, சாமான் பதிவேடு எதையும் இனி எடைக்குப் போடாதீர்கள். வைத்துக்கொள்ள இடம் இல்லையென்றால் அரசு ஆவணக் காப்பகத்திடமோ ஒரு பல்கலைக்கழகத்திடமோ ஒப்படையுங்கள். வேலையாட்கள் படுக்கிற இடத்துக்கு ஜன்னலும் கட்டிலும் வெந்நீரும் இந்த சீசனுக்குள்ளேயே வர வேண்டும். தினசரி வண்டியில் விடுதிகளுக்கு ஒதுக்கீடு கேட்கும் மனுவைத் திரும்பப் பெறுங்கள். தனி வண்டி வேண்டுமென்றால் பொது வண்டியின் பெட்டியிலும் நேரத்திலும் கை வைக்காமல் கேளுங்கள்.

பலகைகள் பற்றிப் பேச உங்கள் குழு அடுத்து கூடும்போது, ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் இருவரையாவது அழையுங்கள். அழைப்பு வந்தால் கையிலிருக்கும் குறிப்புகளோடு வருகிறோம். வராவிட்டால் இந்த மடலின் நகலையும் எங்கள் ஆட்சேபத்தையும் மாவட்ட ஆட்சியரிடமும் ரயில்வே நிர்வாகத்திடமும் நேரில் கொடுப்போம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விடுதிக் கணக்கர்,
ஒரு கேங்மேனின் மகன்